குங்குமம் வைத்த தோட்டாக்கள்

1

இந்தக் கதையை எழுத நான் வைத்திருந்த காரணம் அவ்வளவு யோக்கியமானதல்ல. இக்னேசியஸ் நடத்தும் சஞ்சிகைக்குத் தீபாவளி மலர் வருகிறது. போன வருட மலரில் ஒரு பெடியன் எழுதிய கதையைப் பற்றி இங்கே கனடாவில், ஸ்காபரோ முழுக்கப் பேசினார்கள். அதே மலரில் நான் எழுதியதைப் பற்றி என் மனைவிகூடப் பேசவில்லை. இந்த வருடமும் அப்படி நடக்கக்கூடாது, அவ்வளவுதான். மொழிக்குச் சேவை, மானுடத்தின் குரல் என்பதெல்லாம் மேடையில் பொன்னாடை விழும்போது சொல்வதற்கு.

இக்னேசியஸ் தொலைபேசியில் சொன்னான்: "மச்சான், சண்டை வேண்டாம், ஸ்னோ வேண்டாம், முதியோர் இல்லம் வேண்டவே வேண்டாம். அதெல்லாம் கிலோக் கணக்கில வந்து கிடக்கு. புதுசா ஏதும் தா."

பிறகு புதிதையும் அவனே தந்தான். ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் சண்முகலிங்கம் என்று ஒருவர் இருக்கிறாராம். வீட்டின் நிலக்கீழ் அறையில் துவக்குக்குத் தோட்டா செய்கிறாராம். "லைசென்ஸோடதான். மான் வேட்டைக்குப் போறவர். எங்கட ஆள் ஒருத்தர் மான் சுடுறார் எண்டால் அது சும்மாவே கதைதானே."

சும்மாவே கதை! பத்திரிகை ஆசிரியர்களின் வாயில் இதைவிட மலிவாக வேறொன்றும் வருவதில்லை. [இந்த வரியை இக்னேசியஸ் வெட்டுவான். வெட்டட்டும்.]

இப்போது அந்தச் சண்முகலிங்கத்தின் வீட்டுக் குசினி மேசையில் இருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரும் வீட்டில் இல்லை, அவர் மனைவி மங்கையற்கரசியும் இல்லை. எனக்கு முன்னால் ஆறிப்போன தேத்தண்ணி, ஒரு தட்டுப் பயற்றம் பணியாரம், ஒரு தொலைபேசி. ஒரே இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு இட்டிருக்கும் கட்டளை. எழுத்து இடைவேளைகளில்தான் நடக்கிறது. ஏதாவது வசனம் பாதியில் நின்றால் அதுதான் காரணம். உத்தி என்று யாரும் புகழ்ந்து தொலைக்க வேண்டாம்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"முன்னாள் போராளி பிரியந்தன் கை நடுங்காமல் அந்தத் தோட்டாவை எடுத்தான். அவனுடைய விரல்களுக்கு இன்னும் —"

பிரியந்தன் என்று ஒருவன் கிடையாது. சண்முகலிங்கத்துக்கு நான் சூட்டப் பார்த்த பெயர் அது. அவர் எந்த இயக்கத்திலும் இருந்தவரல்லர். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் அளந்தவர். துவக்கை முதன்முதலில் தொட்டது ஐம்பது வயதில், கனடாவில், வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிய பிறகு. போன சனிக்கிழமை முதல் தடவை வந்தபோது நான் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அப்ப அண்ணை, அங்க இருக்கேக்கை ஒண்டும்..."

"ஒண்டுமில்லைத் தம்பி. செல் அடிச்சால் ஓடினது. அவ்வளவுதான்."

எனக்கு வந்த ஏமாற்றம் கொஞ்சநஞ்சமல்ல. செல் குண்டு விழுந்தால் ஓடியவரை வைத்துக்கொண்டு தீபாவளி மலரில் என்ன செய்வது?

இரண்டாவது தொடக்கம்: "பித்தளைக்கு ஞாபகம் உண்டு."

பித்தளைக்கு ஒரு மண்ணும் கிடையாது. இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க நான் நல்ல எழுத்தாளன் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது தொடக்கம் இன்று காலையிலிருந்துதான் எழுத வருகிறது: இந்த வேளையில் வடக்கே ஒரு காட்டில், றொபேட் என்ற மனிதரிடம் இருபது தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. அவற்றில் ஒன்பதை அவர் தன் துவக்கில் போட்டுச் சுடக்கூடாது. சுட்டால் துவக்கு அவர் முகத்தில் வெடிக்கலாம். அது அவருக்குத் தெரியாது.

3

எப்படி இந்த நிலை வந்தது என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பித்தளை வேலை படிக்க வேண்டும். சண்முகலிங்கம் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதையும் கொன்று படிப்பித்தார். உங்களை அவ்வளவு வதைக்க மாட்டேன்.

அவரிடம் பழைய ஜேர்மன் துவக்கொன்று இருக்கிறது. எட்டு மில்லிமீற்றர் ரகம். ஏலத்தில் மலிவாக வாங்கினார். ஏன் மலிவென்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அதற்குரிய தோட்டா இங்கே இலேசில் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. அவருடைய வேட்டைத் தோழர் றொபேட்டின் துவக்கு அமெரிக்க ரகம், முப்பது-சைபர்-ஆறு என்பார்கள். அதற்கான தோட்டா தூண்டில் விற்கும் கடையில்கூடக் கிடைக்கும். ஆகவே றொபேட் தான் சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி இவருக்குக் கொடுப்பார். இவர் அவற்றை எட்டு மில்லிமீற்றராக மாற்றிக்கொள்வார்.

மாற்றுவது என்றால், கோதின் கழுத்தை இரும்பறுக்கும் சின்ன வாளால் அறுத்துக் குட்டையாக்க வேண்டும். பித்தளையை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும். மெழுகு தடவி உருக்கு அச்சுக்குள் வைத்து நெம்பை அழுத்தினால், கோது ஒடுங்கத் தொடங்கும் இடமான பழைய தோள் கீழே இறங்கி அந்த இடத்தில் புதுக் கழுத்து வரும். அது தடித்த கழுத்து. உள்ளே சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். பிறகு உள்ளே வெடிமருந்தும், பாய்ந்து போகிற முனையான சன்னமும். எட்டு மில்லிமீற்றர் தோட்டா தயார்.

ஒன்று மட்டும் மாறாது. கோதின் அடியில் தொழிற்சாலை பொறித்த எழுத்து. ஆள் முழுக்க மாறிய பிறகும் அடியில் முப்பது-சைபர்-ஆறு என்றே இருக்கும்.

நில்லுங்கள். நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உருவத்தை மாற்றினாலும் பிறந்த இடத்தின் முத்திரை போகாது. ஆகவே தோட்டாதான் அகதி, அச்சுதான் கனடா, நெருப்புதான் — போதும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அவரிடம் சொல்லியும் விட்டேன். மனிதர் கையிலிருந்த கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அகதியோ? உது பித்தளையெல்லே தம்பி."

அன்றைக்கு இவர் இலக்கியம் விளங்காதவர் என்று முடிவு கட்டினேன். இன்றைக்குச் சொல்கிறேன், இந்தப் படிமத்தைக் கருத்தரங்கில் யாராவது எழுந்து விரித்தால் தயவுசெய்து உட்காரச் சொல்லுங்கள். அந்த எழுத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். அது பொய். அந்தப் பொய்யை நம்பியவனுக்குக் கண் போகும்.*

* விளக்கம் கேட்பவர்களுக்கு: குட்டையான எட்டு மில்லிமீற்றர் தோட்டா றொபேட்டின் துவக்குக்குள் போகும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பலமாகத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் சன்னம் குழலை விடப் பெரியது. முன்னால் போக வழியில்லாத அழுத்தம் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுபவரின் முகம். மறுபக்கமாக, றொபேட்டின் நீளமான தோட்டா சண்முகலிங்கத்தின் துவக்குக்குள் போகவே போகாது. பிழை செய்தவருக்கு ஆபத்தே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

4

கோதுகளுக்குக் கைம்மாறாக, றொபேட்டின் துவக்குக்கான தோட்டாக்களையும் சண்முகலிங்கமே நிரப்பிக் கொடுப்பார். இரண்டு வகைக்கும் அடியில் ஒரே எழுத்து. பெட்டிகளில் அவை தலைகீழாக, அடி மேலே தெரியத்தான் நிற்கும். எனவே குழப்பம் வராமல் இருக்கத் தன்னுடைய எட்டு மில்லிமீற்றர்களின் அடியில் மட்டும், மகள் விட்டுப்போன நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைப்பார். பொட்டிருந்தால் தன்னுடையது, இல்லாவிட்டால் றொபேட்டுடையது.

இந்த ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே மாறிவிடும். "என்னட்டைப் பிழை வராது தம்பி. சிஸ்ரம் எண்டால் சிஸ்ரம்." சொல்லிவிட்டு நான் எழுதிக்கொள்கிறேனா என்று எட்டியும் பார்த்தார். எழுதிக்கொண்டேன். மனிதர் பெரிய அறுவை என்றும் பக்கத்தில் எழுதினேன்.

றொபேட்டை நான் நேரில் கண்டதில்லை. ஸ்ரௌவ்வில்லில் இருப்பவர். இருவருக்கும் பிறம்ரனில் ஒரே களஞ்சியத்தில் வேலை, போய் வருவதும் ஒரே காரில். அந்தக் காருக்குள்தான் றொபேட்டுக்கு வேட்டைக்கதையும் சண்முகலிங்கத்துக்கு வேட்டைப் பைத்தியமும் கைமாறியிருக்கின்றன. ஒருநாள் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழும்பிய றொபேட், காரில் பழகிய தமிழில் "போறன்" என்றாராம். மங்கையற்கரசி வாசலில் மறித்துக்கொண்டாராம். "போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளியில கால் வையுங்கோ."

அன்றிலிருந்து அந்த மனிதரின் தொலைபேசிப் பதிவுக்குரலில்கூட அந்தப் போய்விட்டு வருகிறேன்தான் முடிவு. நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். ஆங்கிலத்தில், நான் றொப், காட்டில் இருக்கிறேன், இல்லாவிட்டால் காட்டில் இருக்க ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், விஷயத்தைச் சொல்லிவையுங்கள் என்கிறார். கடைசியில் கட்டைத் தொண்டையில், "போட்டூ வாரென்."

வெள்ளைக்காரர் ஒருவர் தமிழில் இரண்டு சொல் சொல்லிவிட்டால் நம்மவர்கள் உருகி ஓடுவதைப் போல் எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை. முதல் தடவை கேட்டபோது, இந்தச் சர்க்கஸை யார் இவருக்குப் பழக்கியது என்று —

[அடித்தேன். மணியே போகவில்லை, நேரே பதிவுக்குரல். காட்டில் தொடர்பு இல்லை.]

5

ஆயுதபூசை.

நம் வீடுகளில் சரஸ்வதிக்கு முன்னால் புத்தகம் வைப்போம். கைத்தொழில் செய்கிறவர் வீடென்றால் ஆயுதம் என்ற பெயரில் கத்தரிக்கோல், சுத்தியல், கார்த் திறப்பு வைப்போம். இந்த நகரத்தில் மடிக்கணினிக்குச் சந்தனம் பூசி, சாவிகளுக்கிடையில் அரிசி போய், பிறகு திருத்தக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவராவது உண்மையான ஆயுதத்தை வைத்ததில்லை. மங்கையற்கரசி வைத்தார்.

துவக்கு இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது, அதன் திறப்பு கணவரிடம். கணவர் அன்றைக்கு வேலையில். ஆனால் தோட்டாப் பெட்டிகள் இருந்த அலுமாரியின் திறப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பது முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? இரண்டு பெட்டிகளையும் எடுத்தார். குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாவற்றையும் வழமைபோலப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்த தொட்டிக்குள்ளேயே தோட்டாக்களையும் போட்டார். நாற்பதையும் ஒன்றாக. அடியில் ஏதோ சிவப்பாய் ஊத்தை ஒட்டியிருந்ததாம், கம்பிப் பஞ்சால் தேய்த்தாராம். போய்விட்டதாம்.*

* மருந்து நிரப்பிய தோட்டாக்களைக் கம்பிப் பஞ்சால் தேய்த்த வீட்டில் இருந்துதான் நான் பணியாரம் தின்றுகொண்டிருக்கிறேன். நான் தொழிலால் காப்புறுதி முகவர். இதற்கெல்லாம் என்னிடம் திட்டம் கிடையாது.

பிறகு வெள்ளைத்துணி விரித்து, நாற்பதையும் அம்மனுக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசை முடிந்தது. கணவர் வருமுன் பெட்டிகளில் இருபது இருபதாக அடுக்கினார். அடுக்கும்போது அவருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. இந்தக் கதையில் நடந்த கேடெல்லாம் அந்த நல்ல எண்ணத்தால்தான். றொபேட் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், அவருடைய சாமானில் குங்குமம் என்னத்துக்கு என்று, அவர் பெட்டியில் இருந்த இருபதை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். கணவருடையதில் சந்தனத்தைத் தட்டிவிட்டுக் குங்குமத்தை விட்டுவைத்தார். அம்மனுடைய குங்குமம், இருந்தால் நல்லதுதானே.

ஒரு பெட்டியில் சிவப்புப் பொட்டு. மற்றப் பெட்டியில் பொட்டில்லை. வேலையால் வந்த சண்முகலிங்கம் திறந்து பார்த்தார். எல்லாம் அவருடைய சிஸ்ரப்படிதான் இருந்தன. முன்னையை விட மினுங்கியதைக்கூட மனிதர் கவனித்திருக்கிறார். வெளிச்சத்தின் வேலை என்று நினைத்தாராம்.

வியாழக்கிழமை காரில் வைத்துப் பெட்டியை றொபேட்டிடம் கொடுத்தார். மூஸ் என்கிற கடமான் வேட்டை இன்று காலைதான் தொடங்கியது.

6

காலை. இரண்டாவது சந்திப்பு. நிலக்கீழ் அறையில் சண்முகலிங்கம் தன் பெட்டியைத் திறந்து, ஒரு தோட்டாவை உருவி என் கையில் வைத்தார். பாரத்தை உணர்ந்து பார்க்கவாம். நான் உணர்வதைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுத்தபோது என் விரல் நுனி சிவந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நல்ல படிமம் என்ற நினைப்பு. எழுத்தாளனின் விரலில் குருதியின் நிறம்! கதையின் கடைசிப் பந்திக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மனதில் முடிந்துகொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, உங்கட பூச்சு இன்னும் காயேல்லைப் போல."

அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். பிறகு மேலே பார்த்து ஒரு கத்துக் கத்தினார். மங்கையற்கரசி ஈரக்கையோடு படியிறங்கி வந்தார்.

"உதை ஆர் தொட்டது?"

"நான்தான். ஏனப்பா?"

"ஏன் தொட்டனீர்?"

"பூசைக்கு வைக்கிற சாமானை ஊத்தையோட வைக்கிறதோ? புளி போட்டு மினுக்கினனான். உங்களுக்கு ஆயுதம் வேணும், ஆயுதபூசை வேண்டாமோ?"

"றொபேட்டின்ரையையும்?"

"ஓம். ரெண்டையும் ஒண்டாத்தான் கழுவினனான். அவற்ரையைத் துடைச்சுத்தான் வைச்சனான், பொட்டொண்டும் இல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அவர் பெட்டியை மேசையில் கவிழ்த்தார். அதுவரை மேலிருந்து அடி மட்டுமே தெரிந்தவை இப்போது படுத்துக் கிடந்தன. யாரும் அளந்து பார்க்கத் தேவையில்லை, எனக்கே தெரிந்தது. சிலவற்றின் தோள் மேலே இருந்தது, சிலவற்றின் தோள் கீழே. மேலே இருந்தவை ஒன்பது. றொபேட்டின் ஒன்பது இங்கே இருக்கின்றன என்றால் இவருடைய ஒன்பது றொபேட்டிடம்.

"பொட்டைப் பாத்தன்," என்றார் சண்முகலிங்கம். "பொட்டு இருந்தது."

அதையே இரண்டு மூன்று தரம் சொன்னார். பெருமையடித்தபோது அவர்மேல் எனக்கிருந்த இளக்காரம் அந்த இடத்தில் நியாயப்பட்டிருக்க வேண்டும். இல்லை. மனிதருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மங்கையற்கரசி விஷயம் விளங்கியதும் நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, என்ர கையாலயோ. என்ர கையால சாப்பிட்ட மனிசன்."

றொபேட்டின் மனைவி ஸ்டெபனிக்குச் சொன்னோம். அவர் பொலிசுக்குச் சொன்னார். அவர்களும் ஆளனுப்பியிருக்கிறார்கள், ஆனால் றொபேட்டின் முகாம் வடக்கே சட்பரிக்கும் அப்பால், தெருவிலிருந்து ஏரியைக் கடந்து போகிற இடம். சண்முகலிங்கத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த முகாமுக்கு வழி தெரிந்தவர் அவர். காரை எடுத்தார். மங்கையற்கரசி செருப்பை மாற்றாமலேயே ஏறினார்.

அந்த அவசரத்தில் நான் என்ன கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "அக்கா, அது கோயில் குங்குமமோ, கடைக் குங்குமமோ?" விபரம் முக்கியம் அல்லவா எங்களுக்கு.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "தம்பி, உந்தப் பேப்பரை ஒருக்கால் வைச்சிட்டு றொபேட்டுக்கு அடியுங்கோ. எடுக்குமட்டும் அடியுங்கோ."

7

முடிவுகள். விற்பனைக்கு மூன்று இருக்கின்றன.

முதலாவது இக்னேசியஸுக்கு. றொபேட் தோட்டாவைத் துவக்கில் வைக்கப் போகும்போது, பொறித்த எழுத்தின் குழிக்குள் ஈரத்துணிக்குத் தப்பிய குங்குமம் கொஞ்சம் சிவந்து நிற்கிறது. இந்தச் சிவப்பு சண்முகலிங்கத்தின் அடையாளமாயிற்றே என்று யோசிக்கிறார். தோட்டாவைப் படுக்கவைத்துப் பார்க்கிறார். பிழைக்கிறார். எந்தக் கையால் கேடு வந்ததோ அந்தக் கையே காத்தது. இக்னேசியஸ் கண்ணைத் துடைத்துக்கொள்வான், அம்மன் படம் ஒன்றும் போடுவான். சீனிப்பாகு.

இரண்டாவது விமர்சகர்களுக்கு. அவர்களுக்குக் குருதி இல்லாவிட்டால் ஆழம் இல்லை. சரி, தருவோம். "ஏரிக்கரைப் புல்லுக்குள் கடமான் தலையைத் தூக்கியது. றொபேட் பூட்டைத் தள்ளினார். வழமையை விட இறுக்கமாக இருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி —"

முடியவில்லை. ஊரிலே எத்தனை பேரைக் கதைகளில் கொன்றவன் நான்! போன மலரில் ஒரே பந்தியில் ஒரு குடும்பத்தை முடித்தேன். இந்த மனிதரின் உள்ளங்கையைத் தாண்டி ஒரு சொல் வைக்க முடியவில்லை.

[ஸ்டெபனி அழைத்தார். ஏதும் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அந்தத் தோட்டாக்கள் எவ்வளவு மோசம், உண்மையைச் சொல் என்றார். இப்போதைய துவக்குகள் உறுதியானவை என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.]

மூன்றாவதை யாரும் அச்சிட மாட்டார்கள். றொபேட் ஒரு வெடிகூடச் சுடவில்லை. அவர் ஒரு சோம்பேறி வேட்டைக்காரர், பத்து வருடத்தில் சுட்டதை விடப் படுத்துக் கிடந்ததுதான் அதிகம் என்று சண்முகலிங்கமே சொல்லியிருக்கிறார். முகாமில் போர்வைக்குள் கிடக்கிறார், பெட்டி திறக்கப்படவே இல்லை. இதில் திருப்பம் இல்லை, ஆழம் இல்லை, தரிசனம் இல்லை. ஒரு ஆளின் சோம்பல் மட்டும் இருக்கிறது. இதுவரை நான் எழுதியவற்றுள் இவ்வளவு ஆசையோடு எதையும் எழுதியதில்லை.

8

மங்கையற்கரசி வழியில் பெற்றோல் அடிக்க நின்ற இடத்திலிருந்து அழைத்தார்.

"தம்பி, எடுத்தவரோ?"

"இல்லையக்கா."

"அடிக்கிறியள்தானே?"

"அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

பின்னால் வாகனங்கள் போகும் இரைச்சல். "இவர் ஒண்டும் கதைக்கிறாரில்லை. ஒரே ஓட்டம். எனக்கு அவரைப் பாக்கவும் பயமாக் கிடக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கள் எழுதுறனீங்கள்தானே. உதையும் எழுதுறியளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓமக்கா."

"அப்ப ஒரு நல்லதா முடிச்சு எழுதுங்கோ தம்பி. அந்த மனிசனுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதிவிடுங்கோ."

முப்பது வருடமாக எழுதுகிறேன். எழுத்தால் ஏதாவது ஆகும் என்று நம்பி என்னிடம் கேட்டவர் இவர் ஒருவர்தான். அவருக்கு நான் என்ன சொல்ல? நான் எழுதினால் நடக்காதக்கா, நாங்கள் எல்லாம் நடந்து முடிந்தவற்றைப் பொறுக்கி மினுக்குகிறவர்கள் என்றா? சரி என்றேன். வைத்துவிட்டேன். அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன், வேண்டுமானால் சிரியுங்கள்.

ஆனால் எழுத மாட்டேன். நல்லதாகவும் எழுத மாட்டேன், கெட்டதாகவும் எழுத மாட்டேன். றொபேட் பிழைத்தார் என்று நான் எழுதி, அங்கே பிழைக்காமல் இருந்தால், அந்தத் தோட்டாக்களின் அடியில் இருக்கும் எழுத்துக்கும் என் எழுத்துக்கும் என்ன வித்தியாசம்? முடிவு வேண்டியவர்கள் மேலே உள்ள மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கையில் தொலைபேசி இல்லை. உங்களுக்கு அது சுலபம்.

9

இன்னும் அடிக்கிறேன். அவர் எடுப்பார் என்ற நம்பிக்கையில் அல்ல. காட்டில் தொடர்பில்லை என்பது எனக்கு எப்போதோ விளங்கிவிட்டது. அந்தப் பதிவுக்குரலின் கடைசிச் சொல்லைக் கேட்பதற்காகத்தான் அடிக்கிறேன். கட்டைத் தொண்டை, பிழையான உச்சரிப்பு, யாரோ வாசலில் மறித்துப் பழக்கிய சர்க்கஸ். கேட்டு முடித்ததும் திரும்ப அடிக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர் அதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. தீபாவளி மலர் நாசமாய்ப் போகட்டும்.

சண்முகலிங்கம் இப்போது ஏரிக்கரையை அடைந்திருக்க வேண்டும். விரலில் இருந்த குங்குமத்தைக் கழுவவில்லை. தாளின் ஓரமெல்லாம் அது ஒட்டிக் கிடக்கிறது. அதை வைத்து இனி ஒரு வசனமும் —

மணி அடிக்கிறது.

705 என்று தொடங்கும் இலக்கம். வடக்கு. றொபேட்டுடையது அல்ல, ஸ்டெபனியுடையதும் அல்ல. பொலிசாக இருக்கலாம். ஆஸ்பத்திரியாக இருக்கலாம். யாரிடமாவது தொலைபேசி இரவல் வாங்கிய ஒரு சோம்பேறியாகவும் இருக்கலாம்.

எடுக்க வேண்டும். எடுத்தால் இதை எழுத முடியாது. நான் போகிறேன்.

இல்லை. அப்படிச் சொல்லக்கூடாது.

போட்டு வாறன்.